பாலம் கடந்தால் உறங்கிவிடும் எண்கள்



ஆசிரிய நண்பர்களும் பெற்றோர்களும் என்னிடம் எதிர்பார்ப்பது இலக்கணக் குறிப்புகளும் கட்டுரைப் பயிற்சிகளும்தான் என்பதை நான் அறிவேன். இம்முறை அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுக் கைப்பேசியைப் பற்றி எழுதுகிறேன். அண்டை நாட்டுக்குப் போகும்போது குறைந்த செலவில் தொலைபேசித் தொடர்பை எப்படி வைத்துக்கொள்வது என்பது சுற்றுலாப் பயணிகளின் கவலை என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஜொகூரில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு அது வகுப்பறைக் கவலை என்பதைச் சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் கற்பித்தது.

ஓய்வு நேரத்தில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஈரமான நடைபாதையில் வழுக்கி விழுந்தான். முழங்கை எலும்பு முறிந்துவிட்டது. மாணவர் நலப் பொறுப்பாசிரியரும் நானும் அவனை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். முதலுதவி உடனே கிடைத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சரி செய்ய வேண்டும், பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று மருத்துவர் கூறினார். பெற்றோரை எங்கே தேடுவது?

தந்தை, தாய் இருவருமே சிங்கப்பூரில் வேலை செய்கின்றனர். விடியற்காலை நான்கரை மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பி, இரவு எட்டு ஒன்பது மணிக்குத் திரும்புகின்றவர்கள். பள்ளிப் பதிவில் இருந்த தந்தையின் மலேசிய எண்ணை அழைத்தோம். 'நீங்கள் அழைத்த எண் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது' என்னும் அதே குரல். தாயின் எண்ணுக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவின் வழியாகச் செய்தி அனுப்பினோம். ஒற்றைக் குறியோடு அப்படியே நின்றது. பாட்டியை அழைத்தால், "அவன் ராத்திரிதாம்மா கூப்பிடுவான்" என்று அழத் தொடங்கிவிட்டார். பத்தரை மணி முதல் ஒன்றரை மணி வரை, மூன்று மணி நேரம், அந்தச் சிறுவன் வலியோடு "அப்பா வந்துட்டாரா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இறுதியில் உதவியவர் பள்ளி வேன் ஓட்டுநர். மாதக் கட்டணம் தொடர்பாகப் பேச வேண்டியிருந்ததால், அவரிடம் மட்டும் தந்தையின் சிங்கப்பூர் எண் இருந்தது! பள்ளி அலுவலகத் தொலைபேசியிலிருந்து அழைத்தால் போகவில்லை. வெளிநாட்டு அழைப்பு அதில் முடக்கப்பட்டிருந்தது. என் சொந்தக் கைப்பேசியிலிருந்து அழைத்தேன். இரண்டாம் மணியிலேயே எடுத்துவிட்டார். மருத்துவர் அவரிடம் பேசி விளக்கினார். அவர் பாலத்து நெரிசலைக் கடந்து மருத்துவமனைக்கு வந்து சேர நான்கரை மணி ஆனது.

பையன் இப்போது நலமாக இருக்கிறான். கையெழுத்து முன்பைவிடச் சற்று மோசம்; அதற்கும் எலும்புக்கும் தொடர்பில்லை என்பது என் கருத்து.

அன்று மாலை அந்தத் தந்தையிடம் நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன்: "பள்ளிக்குக் கொடுத்த எண்ணை ஏன் ஐயா அடைத்து வைக்கிறீர்கள்?" அவர் தயக்கத்தோடு சொன்னார்: "அடைக்கல டீச்சர். பாலம் தாண்டுனா அந்த சிம்ம கழட்டிருவேன். ஒரு தடவ அங்க வச்சு ரெண்டு மூணு கால் எடுத்தேன், இருந்த காசெல்லாம் போயிருச்சு. அதுலேர்ந்து பயம்."

அந்த அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை. ஏனெனில் அது அறியாமையால் மட்டும் வந்தது அன்று, பட்டறிவால் வந்தது. உள்நாட்டில் நமக்கு வரும் அழைப்பை எடுக்க நாம் காசு கொடுப்பதில்லை. ஆனால், வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கும்போது, அழைப்பவர் உள்ளூர்க் கட்டணத்தோடு தப்பித்துக்கொள்கிறார். எல்லை தாண்டிச் செல்லும் பகுதிக்கான கட்டணம் அழைப்பை எடுப்பவரின் தலையில் விழுகிறது. இதை நம் பெற்றோருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பணம் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இதைவிட மறைவான பொறி ஒன்றும் உண்டு. ரோமிங்கில் இருக்கும் எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்காமல் விட்டால், சில வேளைகளில் அது குரல் அஞ்சலுக்குத் திருப்பப்படும். அழைப்பு முதலில் சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து மீண்டும் மலேசியாவில் உள்ள குரல் அஞ்சலுக்குத் திரும்புவதால், போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம் என்று விதிக்கப்படக்கூடும். பேசாத பேச்சுக்குப் பணம்! ஆகவே, குரல் அஞ்சலையும் அழைப்புத் திருப்பத்தையும் ஊரில் இருக்கும்போதே நீக்கிவிடுவது நல்லது.

பாலம் கடக்காமலே ரோமிங்கில் விழுவோரும் ஜொகூர் பாருவில் உண்டு. கடற்கரையோரக் குடியிருப்புகளில் கைப்பேசி தானாகவே சிங்கப்பூர் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். உட்லண்ட்ஸ் பக்கம் இருப்போருக்கு இதன் மறுதலை நேரும். கைப்பேசி அமைப்பில் வலையமைப்பைத் தானே தேர்ந்தெடுக்காதவாறு மாற்றி, நம் நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்தால் இத்தொல்லை நீங்கும்.

நிற்க. விலை ஏன் இப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் எண் வேறொரு நாட்டில் இயங்கும்போது அந்நாட்டு நிறுவனத்தின் கோபுரத்தைப் பயன்படுத்துகிறது. அதற்கு நம் நிறுவனம் அந்நிறுவனத்துக்கு மொத்த விலை ஒன்றைக் கொடுக்கிறது. அதன்மேல் தன் இலாபத்தையும் வைத்து நம்மிடம் வாங்குகிறது. இடையே இருக்கும் தூரத்துக்கும் இவ்விலைக்கும் பெரிய தொடர்பில்லை. ஜொகூர் பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். கோத்தா திங்கியில் இருக்கும் பெற்றோரிடம் பேச ஒரு விலை, அதைவிட அருகே உட்லண்ட்ஸில் நிற்கும் பெற்றோரிடம் பேச வேறு விலை என்பது ஒப்பந்தத்தின் விளைவே ஒழிய இயற்கையின் விதி அன்று.

ஒப்பந்தத்தால் ஏறிய விலை ஒப்பந்தத்தால் இறங்கவும் கூடும். 2011 ஆம் ஆண்டில் மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புகளும் கூடிப் பேசி, இரு நாடுகளுக்கிடையே ரோமிங் கட்டணத்தைக் குறைத்தன. அவ்வாண்டு மே முதல் அழைப்புகளுக்கு 20 விழுக்காடு வரையிலும் குறுஞ்செய்திகளுக்கு 30 விழுக்காடு வரையிலும் குறைப்பு; 2012 மே முதல் அது முறையே 30, 50 விழுக்காடு என உயர்ந்தது. நல்ல தொடக்கம்தான். ஐரோப்பிய ஒன்றியமோ 2017 ஜூன் 15 முதல், உறுப்பு நாடுகளுக்குள் பயணம் செய்வோர் தம் நாட்டுக் கட்டணத்திலேயே பேசலாம் என்று சட்டமாக்கிவிட்டது. அங்கே பல நாடுகள் கூடிச் செய்ததை இங்கே இரண்டு நாடுகள் செய்ய முடியாதா?

ஒவ்வொரு நாளும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கும் பாலம் இது. ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கான உடன்படிக்கை 2025 ஜனவரியில் கையெழுத்தாகியிருக்கிறது. முதலீடு பற்றியும் பொருள் போக்குவரத்து பற்றியும் பேசுகின்றவர்கள், நாள்தோறும் கடக்கும் தொழிலாளியின் கைப்பேசியையும் அப்பேச்சில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு எல்லை கடக்கும் தாய்க்கு, அவள் எண்ணில் வரும் அழைப்பு ஆடம்பரம் அன்று.

அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன? என் பள்ளிப் பெற்றோர் சிலரோடு உட்கார்ந்து பேசி, முயன்று பார்த்துக் கண்டவற்றைக் கூறுகிறேன். நிறுவனங்களின் தொகுப்புகளும் விலைகளும் அடிக்கடி மாறுவதால் பெயர்களையும் விலைகளையும் எழுதவில்லை. முறையை மட்டும் சொல்கிறேன்.

நாள்தோறும் சென்று வருவோருக்கு மிகவும் ஏற்றது இரட்டை சிம் கைப்பேசி. இப்போது விலை குறைந்த கைப்பேசிகளில்கூட இவ்வசதி உண்டு. ஒன்றில் மலேசிய எண், மற்றொன்றில் சிங்கப்பூர் எண். இணையம் சிங்கப்பூர் சிம்மிலிருந்து வரட்டும். மலேசிய சிம்மில் 'டேட்டா ரோமிங்' என்பதை அடைத்துவிடுங்கள். ஆனால் சிம்மை மட்டும் அடைக்காதீர்கள். கழற்றவும் வேண்டாம். அது சும்மா விழித்துக்கொண்டிருப்பதற்குச் செலவில்லை. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மணி அடித்ததே செய்தி! முன்பெல்லாம் 'மிஸ்டு கால்' கொடுத்துப் பேசிய தலைமுறைதானே நாம்? எண்ணைப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் சிம்மின் இணையத்தில் வாட்ஸ்அப் வழியாகத் திருப்பி அழைக்கலாம். ரோமிங்கில் குறுஞ்செய்தியைப் பெறுவதற்கும் பெரும்பாலும் கட்டணம் இல்லை. உங்கள் நிறுவனத்திடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முன்கட்டண சிம் வைத்திருப்போர் இரண்டைக் கவனிக்க வேண்டும். சில சேவைகளில் ரோமிங்கைத் தனியாகத் திறந்துவிட வேண்டும். அதை இக்கரையில் இருக்கும்போதே செய்யுங்கள். அடுத்தது, செல்லுபடிக் காலம். டாப் அப் செய்யாமல் விட்டு எண் காலாவதியானால், வங்கியும் பள்ளியும் மருத்துவமனையும் வைத்திருக்கும் எண் உங்களுடையதாக இராது. சிங்கப்பூர் எண்தான் எப்போதும் கையில் இருக்கிறதே என்று மலேசிய எண்ணைக் கைவிட்டுவிட்ட மூன்று குடும்பங்களை எங்கள் பள்ளியிலேயே கண்டேன். பதிவேட்டில் அவ்வெண்கள் அழகாக எழுதப்பட்டிருந்தன.

அக்கரையில் தங்கி வேலை செய்வோருக்கு வேறு வழியும் உண்டு. ஒப்பந்தம் இல்லாத சிங்கப்பூர் மாதத் திட்டங்கள் பலவற்றில் மலேசியாவில் பயன்படுத்துவதற்கான இணையமும் சேர்த்தே தரப்படுகிறது. அதுபோல, மலேசியப் பின்கட்டணத் திட்டங்கள் சிலவற்றில் சிங்கப்பூருக்கான இணையம் அடங்கியிருக்கிறது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்க வேண்டிய இக்காலத்தில், எதை எந்தப் பணத்தில் வாங்குவது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஐந்தாம் ஆண்டுக் கணிதத்துக்கு இதைவிடச் சிறந்த பிரச்சினைக் கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை. மாணவர்களிடம் கொடுத்தேன், விடை கண்டுபிடித்ததோடு நில்லாமல், "அப்பா இவ்வளவு நாளா அதிகமாக் கட்டியிருக்காரு டீச்சர்" என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லியும் விட்டார்கள்.

ஓரிரு நாள் சுற்றுலா செல்வோருக்கு இவ்வளவு தேவையில்லை. நம் நிறுவனத்திடமே ஒரு நாள் ரோமிங் தொகுப்பை வாங்கலாம். குடும்பமாகச் சென்றால், ஒருவருக்கு மட்டும் வாங்கி அவர் கைப்பேசியிலிருந்து மற்றவர்களுக்கு இணையத்தைப் பகிரலாம். ஆனால் கூட்டத்தில் பிரிந்து போனால் பகிர்வும் போய்விடும் என்பதை மறவாதீர்கள். சிங்கப்பூரில் முன்கட்டண சிம் வாங்கக் கடப்பிதழ் கட்டாயம் வேண்டும். 'வயர்லெஸ் அட் எஸ்ஜி' என்னும் இலவசப் பொது இணையச் சேவை 2006 முதல் அங்கு இருக்கிறது. ஆயினும் அதை மட்டுமே நம்பிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல நான் துணிய மாட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அதையும் பட்டுத்தான் அறிந்தேன். முப்பத்தெட்டு மாணவர்களோடு சிங்கப்பூருக்கு ஒரு கல்விச் சுற்றுலா சென்றோம். குட்டி இந்தியாவில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்த்துவிட்டு இரண்டு குழுவாகப் பிரிந்து நடந்தோம். குறித்த இடத்தில் ஒரு குழுதான் வந்து சேர்ந்தது. மற்றக் குழுவின் பொறுப்பாசிரியர் செலவுக்கு அஞ்சி இணையத்தை அடைத்திருந்தார். உடன் வந்த மூத்த ஆசிரியரிடம் இருந்ததோ பழைய பொத்தான் கைப்பேசி. இங்கே நன்றாக வேலை செய்த அக்கருவி அங்கே அலைவரிசையையே காணவில்லை. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலிலும், 3ஜி சேவை 2024 இலும் நிறுத்தப்பட்டுவிட்டன என்பதை அப்போது நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 4ஜி வழியாகக் குரல் அழைப்பை ஏற்காத கைப்பேசி அங்கே கடிகாரத்துக்குத்தான் உதவும். அந்த இருபத்தைந்து நிமிடங்கள் என் பணிக்காலத்தில் மிக நீண்டவை. இறுதியில் அவர்கள் மோர் குடித்துக்கொண்டு ஒரு கடையில் நிம்மதியாக இருந்ததைக் கண்டபோது எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றும் தெரியவில்லை.

இன்னொரு சிறு செய்தி. அன்று எங்களிடம் பெற்றோரின் எண்கள் அச்சிட்ட பட்டியல் ஒன்று இருந்தது. எல்லா எண்களும் சுழியத்தில் தொடங்கின. சிங்கப்பூர் சிம்மிலிருந்து அவற்றை அப்படியே அழுத்தினால் போகாது. சுழியத்தை நீக்கிவிட்டு, கூட்டல் குறியோடு 60 சேர்க்க வேண்டும். பதற்றத்தில் இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. சிங்கப்பூரில் மருத்துவ வண்டிக்கு 995, காவல் துறைக்கு 999 என்பதையும் பட்டியலின் தலைப்பில் எழுதி வைக்கலாம். நம் நாட்டில் இரண்டுக்குமே 999 என்பதால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

இப்போது எங்கள் பள்ளியின் வழக்கத்தைக் கூறுகிறேன். சுற்றுலா என்றால், பொறுப்பாசிரியர் ஒவ்வொருவருக்கும் ரோமிங் தொகுப்பின் செலவைப் பேருந்துக் கட்டணம் போலவே திட்டச் செலவில் சேர்க்கிறோம். இதைக் கூட்டத்தில் முன்மொழிந்தபோது, "ஆசிரியர் பேசுவதற்குப் பெற்றோர் காசா?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி தவறன்று. ஆனால் மாணவர் ஒருவருக்கு அது நாசி லெமாக் பொட்டலம் ஒன்றின் விலைகூட ஆகவில்லை என்று கணக்கைக் காட்டியதும் அவரே வழிமொழிந்தார்.

மாணவர் தகவல் படிவம்தான் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பழைய படிவத்தில் தந்தை எண், தாய் எண் என்று இரண்டு கட்டங்கள் மட்டுமே. இப்போது ஒவ்வொருவருக்கும் மலேசிய எண், சிங்கப்பூர் எண், வாட்ஸ்அப் எந்த எண்ணில் இயங்குகிறது என மூன்று கட்டங்கள். சிம்மை மாற்றினாலும் வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே தொடரலாம் என்பதால் மூன்றாவதைக் கேட்கிறோம். நான்காவதாக, வேலையிட அலுவலக எண். அந்தச் சிறுவனின் தாய்க்குச் செய்தி போய்ச் சேராததற்குக் காரணம் ரோமிங்கும் அன்று, கட்டணமும் அன்று. அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். எவ்வளவு நல்ல சேவையை வாங்கினாலும் பூட்டிய பெட்டகத்துக்குள் மணி அடித்து என்ன பயன்? அங்கே மேற்பார்வையாளரின் எண்தான் உதவும்.

பெற்றோர் சிலர் சிங்கப்பூர் எண்ணைத் தரத் தயங்குகின்றனர். வேலை அனுமதி தொடர்பான அச்சம் சிலருக்கு; கடன்காரர் தொல்லை சிலருக்கு; இருவரும் அக்கரையில் இருப்பது பள்ளிக்குத் தெரிந்தால் 'பிள்ளையைக் கவனிக்காதவர்கள்' என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம் வேறு சிலருக்கு. கடைசியாகச் சொன்னது நம் ஆசிரியர்களின் தவறு என்றே எண்ணுகிறேன். விடியற்காலையில் பேருந்து ஏறும் தாயைப் பார்த்து நாம் அவ்வாறு பேசியிருக்கிறோம். நானும் ஆசிரியர் அறையில் பேசியிருக்கிறேன். படிவத்தின் அடியில், இவ்வெண்கள் அவசர வேளைக்கு மட்டுமே, வகுப்பாசிரியரும் அலுவலகமும் தவிர வேறெவருக்கும் தரப்படமாட்டா என்று எழுதி, தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு அனுப்பினோம். அதன்பிறகு வந்த படிவங்களில் கட்டங்கள் நிறைந்திருந்தன.

அலுவலகத் தொலைபேசியில் வெளிநாட்டு அழைப்பைத் திறந்துவிடும்படி விண்ணப்பம் செய்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. அதுவரை பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தந்த முன்கட்டணக் கைப்பேசி ஒன்று அலுவலக மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. அதற்கு மின்னூட்டம் செய்வது திங்கட்கிழமைகளில் என் பொறுப்பு. உங்கள் பள்ளியில் வேறு ஏற்பாடு ஏதேனும் இருந்தால் எழுதுங்கள். எங்கள் படிவத்தின் படி வேண்டுவோருக்கு அனுப்பி வைக்கிறேன்.